குறியீட்டு நிதியா, ஒரே பங்கின் இரட்டிப்பு நிதியா? பணம் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கைப்பேசிச் செயலி வழி அமெரிக்கப் பங்குகளை வாங்குவோருக்கு இரு வகை நிதிகள் அருகருகே தென்படும். இரண்டும் பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்படும் ‘இடிஎஃப்’ நிதிகளே. ஆனால், ஒன்று நீண்டகாலச் சேமிப்புக்கானது. மற்றொன்று ஒரு நாள் வணிகத்திற்கானது.

குறியீட்டு நிதி

இது சந்தையின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பணத்தைப் பிரித்துப் போடும். ‘எஸ் அண்ட் பி 500’ நிதியில் ஏறத்தாழ 500 அமெரிக்க நிறுவனங்கள் உள்ளன. மலேசியாவின் கேஎல்சிஐ, சிங்கப்பூரின் எஸ்டிஐ ஆகிய குறியீடுகளில் தலா 30 நிறுவனங்கள் இடம்பெறுகின்றன. ஒரு நிறுவனம் சரிந்தாலும் மற்றவை தாங்கிப் பிடிக்கும்.

இரட்டிப்பு நிதி

அமெரிக்காவில் 2022 ஜூலையில் அறிமுகமான வகை இது. என்விடியா, டெஸ்லா போன்ற ஒரே நிறுவனத்தின் பங்கைச் சார்ந்தது. அந்தப் பங்கு ஒரு நாளில் 1 விழுக்காடு ஏறினால் நிதி 2 விழுக்காடு ஏறும், இறங்கினாலும் அப்படியே. இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்குகிறது. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கணக்கு சொல்வது என்ன?

100 ரிங்கிட் பங்கு ஒன்று முதல் நாள் 10 விழுக்காடு இறங்கி 90 ஆகிறது. மறுநாள் 11.1 விழுக்காடு ஏறி மீண்டும் 100 ஆகிறது. பங்கு வைத்திருந்தவருக்கு நட்டமில்லை.

இரட்டிப்பு நிதியில் போட்ட 100 ரிங்கிட் முதல் நாள் 80 ஆகும். மறுநாள் 22.2 விழுக்காடு ஏறியும் 97.78-இல் நின்றுவிடும். இதே ஏற்ற இறக்கம் பத்து முறை நிகழ்ந்தால், பங்கு அதே 100-இல் இருக்க, நிதியில் ஏறத்தாழ 80 ரிங்கிட்தான் மிஞ்சும்.

பங்கு தொடர்ந்து ஏறினால் கதை வேறு. இரு நாள் தலா 10 விழுக்காடு ஏறினால் பங்கு 121, நிதி 144. இந்த இலாபமே பலரை ஈர்க்கிறது.

ஒரு நாள், இரு விளைவுகள்

2025 ஜனவரி 27-ஆம் தேதி, சீனாவின் டீப்சீக் செயற்கை நுண்ணறிவு பற்றிய செய்தியால் என்விடியா பங்கு சுமார் 17 விழுக்காடு சரிந்தது. அதன் இரட்டிப்பு நிதி மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட நிதி 50 விழுக்காடு ஏற வேண்டும். அதே நாளில் ‘எஸ் அண்ட் பி 500’ குறியீடு இறங்கியது சுமார் 1.5 விழுக்காடு மட்டுமே.

கட்டணம்

அமெரிக்காவின் மலிவான குறியீட்டு நிதிகள் ஆண்டுக்கு 0.03 விழுக்காடு வசூலிக்கின்றன. 10,000 ரிங்கிட்டுக்கு அது 3 ரிங்கிட். இரட்டிப்பு நிதிகளில் கட்டணம் 1 விழுக்காட்டை ஒட்டியிருக்கும்; அதாவது சுமார் 100 ரிங்கிட்.

யாருக்கு எது?

தினசரி இரட்டிப்பு நிதிகளை ஒரு நாளுக்கு மேல் வைத்திருப்பது சாதாரண முதலீட்டாளர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது என அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான ஃபின்ரா 2009-லேயே எச்சரித்தது.

குறியீட்டு நிதியிலும் நட்டம் வரும். 2008-இல் ‘எஸ் அண்ட் பி 500’ சுமார் 38 விழுக்காடு சரிந்தது. அது மீண்டெழப் பல ஆண்டுகள் ஆயின. எனவே, விரைவில் தேவைப்படும் பணத்தை இதிலும் போடக்கூடாது.

வாங்குமுன் நிதியின் பெயரைப் படியுங்கள். ‘டெய்லி’, ‘2எக்ஸ்’, ‘லெவரேஜ்ட்’ ஆகிய சொற்களில் ஒன்று இருந்தாலும், அது ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தையோ பிள்ளைகளின் கல்விப் பணத்தையோ போட்டு வைக்கும் இடமன்று.