இலவச நூலகத்தின் வரலாறு: அச்சுநூல் முதல் இணையம் வரை

ஒரு நகரத்திலே பொது நூலகம் இருக்குமாயின் அந்நகரத்து மக்கள் யாவரும் கட்டணமின்றி அதனுட் புகுந்து படிக்கலாம் என்பது இன்று யாவரும் இயல்பெனக் கொள்ளும் செய்தி. அண்மைக் காலத்திலோ நூலகத்துட் புகாமலே, வீட்டிலிருந்தபடி, உறுப்பினர் அட்டையின் இலக்கத்தைக் கொண்டு பேரகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் இலக்கிய நூல்களையும் இணையவழி படிக்கும் வாய்ப்பினைப் பல நாடுகளின் பொது நூலகங்கள் அளித்து வருகின்றன. வாசகனிடம் எவரும் பணங் கேட்பதில்லை. ஆதலின் இவை விலையில்லாப் பொருள்கள் என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. பொது நூலகத்தின் வரலாற்றை முழுமையாக நோக்குமிடத்து, ‘இலவசம்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் எக்காலத்தும் ஒரு கணக்கு இருந்து வந்துள்ளமை புலனாகும். அக்கணக்கை யார் தீர்த்தனர், தீர்த்தவர் எதனைப் பெற்றனர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1850 ஆம் ஆண்டுச் சட்டம்

அரசர் அரண்மனைகளிலும் மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நூற்றொகுதிகள் நெடுங்காலமாக இருந்தன. தஞ்சையிலே நாயக்க மன்னரும் மராட்டிய மன்னரும் பேணிய சரசுவதி மகால் அத்தகையதே. ஆயின் ஊரார் தம் வரிப்பணத்தால் நிறுவி, அவ்வூரார் யாவர்க்கும் திறந்துவைக்கும் நூலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் உறுதியான வடிவம் பெற்றது. இங்கிலாந்திலே வில்லியம் இயூவாட் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1850 ஆம் ஆண்டிற் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அவருக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டிக் கொடுத்தவர் பிரித்தானிய நூதனசாலையில் உதவியாளராயிருந்த எட்வேட் எட்வேட்ஸ் என்பவர். இவர் கட்டடத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். பெரும்பாலும் தம் முயற்சியாற் கற்றுத் தேறியவர்.

சட்டத்தை எதிர்த்தோர் பலர். வரி மிகும் என்றனர் சிலர். நூலகங்கள் அரசியற் கிளர்ச்சிக்கு இடமாகும் என்றனர் வேறு சிலர். சிப்தோர்ப் என்னும் உறுப்பினர் தமக்கு வாசிப்பிலேயே விருப்பமில்லை என வெளிப்படையாகக் கூறினார். இவ்வெதிர்ப்பினிடையே நிறைவேறிய சட்டத்தின் ஒரு விதி இன்று படிப்போர்க்கு வியப்பூட்டும். ஆதனத்தின் மதிப்பில் ஒரு பவுணுக்கு அரைப்பென்னி வீதம் நகரசபை வரி விதிக்கலாம். அப்பணத்தைக் கட்டடத்துக்கும் ஊழியர்க்கும் செலவிடலாம். நூல்கள் வாங்குதற்குச் செலவிடலாகாது! நூல்கள் நன்கொடையாக வந்து சேரும் எனச் சட்டம் இயற்றியோர் எதிர்பார்த்தனர்.

இந்நிலையில் மஞ்செஸ்ரர் நகரத்தார் செய்த செயல் குறிப்பிடத்தக்கது. செல்வரும் ஆலைத் தொழிலாளரும் தத்தம் ஆற்றலுக்கேற்பப் பணந் திரட்டி நூல்களை வாங்கினர். 1852 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அந்நூலகம் திறக்கப்பட்டபோது சாள்ஸ் டிக்கின்ஸ், தக்கரே முதலிய நாவலாசிரியர்கள் விழாவுக்கு வந்திருந்தனர். எட்வேட்ஸ் அதன் முதலாவது நூலகராயினார். மூன்று ஆண்டுகளின் பின், 1855 ஆம் ஆண்டில், சட்டம் திருத்தப்பட்டு வரி ஒரு பென்னியாக உயர்ந்தது; நூல்கள் வாங்கவும் அனுமதி கிடைத்தது. எனவே இலவச நூலகத்தின் முதற்பாடம் அதன் பிறப்பிலேயே அமைந்துள்ளது. வாசகன் கொடாத விலையை ஊர் முழுவதும் சேர்ந்து கொடுத்தது; கொடுத்து வாங்கிய நூல் ஊரின் உடைமையாய் அலுமாரியில் நிலைத்திருந்தது.

அமெரிக்காவிலும் இந்நெறியே பரவியது. 1848 ஆம் ஆண்டிற் சட்ட அனுமதி பெற்ற பொஸ்ரன் பொது நூலகம் 1854 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் எழுந்த அதன் புதிய கட்டடத்தின் தலைவாயிலிலே, ‘யாவர்க்கும் இலவசம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டன. பின்னர், உருக்கு ஆலைகளாற் பெருஞ்செல்வம் ஈட்டிய அன்ட்ரூ காணகி என்பவர் உலகெங்கும் ஏறத்தாழ 2,500 நூலகக் கட்டடங்களுக்குப் பொருளுதவி செய்தார். அமெரிக்க நகரங்களுக்கு அவர் வழங்கிய கொடையில் ஒரு நிபந்தனை இருந்தது. நிலத்தை நகரம் கொடுத்தல் வேண்டும். அதனோடு, கொடைத்தொகையின் பத்திலொரு பங்கினை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஒதுக்குதலும் வேண்டும். கட்டடத்தை ஒருவர் ஒருமுறை கொடுத்துவிடலாம். நூலகத்தையோ ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டிருத்தல் வேண்டும் என்பதைக் காணகி நன்குணர்ந்திருந்தார்.

இலண்டனிலிருந்து யாழ்ப்பாணம்

இந்நெறி நம்மை வந்தடைந்த வழியும் அறியத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராக 1924 ஆம் ஆண்டில் நியமனம் பெற்ற சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராயிருந்தவர். பயிற்சிக்காக இலண்டன் சென்ற அவர், ஆங்குப் பல பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் குழந்தைகளும் முதியோரும் ஒரே கூடத்தில் இருந்து படிப்பதைக் கண்டமை அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியது. அவர் 1931 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகப் புகழ் பெற்றன. நூலைப் பூட்டிக் காத்தலினும் அதனைப் பயன்படச் செய்தலே நூலகத்தின் தலையாய கடன் என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்து. 1948 ஆம் ஆண்டிலே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியதற்கும் அவருடைய நெடுநாள் முயற்சியே அடிப்படை.

யாழ்ப்பாணத்திலே 1933 ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தம் இல்லத்திலே நூல்களைச் சேர்த்து இலவசமாக வழங்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியோர் கைகொடுக்க 1934 ஆம் ஆண்டில் வாசிகசாலை ஒன்று அமைந்தது; அடுத்த ஆண்டில் அதனை நகரசபை ஏற்றுக்கொண்டது. தனியொருவரின் கொடை ஊரின் பொறுப்பாக மாறியமையை ஈண்டுக் காண்கின்றோம். 1954 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் கட்டட வரைபடத்தை ஆக்கினார். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11 ஆந் திகதி அந்நூலகம் திறந்துவைக்கப்பட்டது. மஞ்செஸ்ரர் மக்கள் தொடக்கிய நெறி, அரங்கநாதன் வழியாக, ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் நகரிலே கல்லும் சுண்ணமுமாய் எழுந்தது எனலாம்.

இத்தகைய நூலகங்களால் மிகுந்த பயன் பெற்றோர் பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வெளியே நின்று கற்றோராவர். பகலிற் கற்பித்து இரவிற் கற்ற வெளிவாரி மாணவர்க்குப் பொது நூலகமே பல்கலைக்கழகமாயிருந்தது. இக்கட்டுரையாளரும் அவ்வழி வந்தவரே. உசாத்துணைப் பகுதியில் உள்ள நூலை இரவலாகக் கொண்டுசெல்ல இயலாது. பாடசாலை விட்டபின் ஓடிச்சென்று, நூலகம் மூடுமுன் வேண்டிய பக்கங்களைக் கையாற் பிரதிசெய்து மீள்வோம். அகராதியும் கலைக்களஞ்சியமும் அலுமாரியை விட்டு அகலாத நூல்களாகவே அக்காலத்தில் எமக்குத் தோன்றின.

இணையவழி உசாத்துணை

அந்நூல்களை அலுமாரியிலிருந்து விடுவித்தது இணையமே. இம்முயற்சியின் தொடக்கம் பலர் எண்ணுவதினும் முந்தியது. 1971 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த மைக்கல் ஹாட் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் எழுத்தெழுத்தாகப் பதித்தார். ‘குட்டன்பேக் திட்டம்’ என வழங்கும் மின்னூற் றொகுதி இவ்வாறு தோன்றியது. பதிப்புரிமை முடிந்த நூல்களை எவரும் பிரதிசெய்து எவர்க்கும் வழங்கலாம் என்பதே அதற்கு அடிப்படை.

பெரும் உசாத்துணை நூல்களின் கதை வேறு. ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியை எடுத்துக்கொள்வோம். அதன் முதற்பகுதி 1884 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறுதிப்பகுதி வெளிவர 1928 ஆம் ஆண்டாயிற்று. 1989 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகளைக் கொண்டது. அதனை விலைகொடுத்து வாங்கவல்ல ஆசிரியர் மிகச் சிலரே. 2000 ஆம் ஆண்டில் அவ்வகராதி இணையத்தில் ஏறியது. பின்னர் இங்கிலாந்தின் பெரும்பாலான பொது நூலகங்கள் ஆண்டுச் சந்தா செலுத்தி, அதனையும், 2004 ஆம் ஆண்டில் அறுபது தொகுதிகளாக வெளிவந்த ஒக்ஸ்போட் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியையும் தம் உறுப்பினர்க்கு வீட்டிலிருந்தே கிடைக்கச் செய்தன. நள்ளிரவிலும் உசாத்துணைப் பகுதி திறந்திருக்கின்றது. நடக்க இயலாத முதியோரும் தொலைவிலுள்ள மாணவரும் ஒருங்கே பயன் பெறுகின்றனர். வாசகனின் நேரத்தைப் பேணுதல் வேண்டும் என்னும் அரங்கநாதனின் நான்காம் விதி இதனினும் சிறப்பாக நிறைவேறுதல் அரிது.

ஆயின் வரலாற்று மாணவர் ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். இருபது தொகுதி அகராதியை ஒரு நூலகம் 1989 ஆம் ஆண்டில் வாங்கியிருப்பின், அதன்பின் ஒரு சதமும் செலுத்தாவிடினும் அந்நூல் இன்றும் அதன் அலுமாரியில் இருக்கும். இணைய அகராதியோ சந்தா முடிந்த நாளில் மறைந்துவிடும். முன்னையது உடைமை, பின்னையது வாடகை. மின்னூல்களின் நிலையும் இதுவே. 2011 ஆம் ஆண்டிலே ஹாப்பர் கொலின்ஸ் என்னும் பதிப்பகம், நூலகம் வாங்கும் மின்னூல் ஒவ்வொன்றையும் 26 முறை இரவல் கொடுத்தபின் மீண்டும் விலை கொடுத்தே பெறுதல் வேண்டும் என விதித்தது. அச்சுநூலும் பலர் கைபட்டுத் தேய்வதே என்பது பதிப்பகம் சொன்ன நியாயம். 2019 ஆம் ஆண்டில் மக்மிலன் என்னும் பதிப்பகம், புதிய நூல் வெளிவந்த முதல் எட்டு வாரங்களுக்கு, எத்துணைப் பெரிய நூலகமாயினும் ஒரு மின்படியே பெறலாம் எனக் கட்டுப்படுத்தியது. நூலகங்களின் எதிர்ப்புக்குப் பின் 2020 ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது.

பதிப்பாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பேரகராதியைத் திருத்தும் புலவர்க்கு ஊதியம் வேண்டும். எழுத்தாளர்க்கு வருவாய் வேண்டும். அன்றியும், இணையப் பதிப்பு இடையறாது திருத்தப்படுவது. 1989 ஆம் ஆண்டின் அச்சுப்பதிப்பு அந்நிலையிலேயே நிற்பது. ஆதலாற் சந்தா செலுத்துதல் வீண்செலவு என்பது எமது கருத்தன்று. வாடகைக்குப் பெற்றதை உடைமை என மயங்கலாகாது என்பதே எமது கருத்து. வரவுசெலவுத் திட்டத்தில் நிதி குறையும் ஆண்டிலே வாடகைப் பொருளே முதலில் நீங்கும். அன்று நூலகத்தில் எஞ்சுவது அது தனக்கெனத் தேடிக் காத்தது மட்டுமேயாகும்.

இதனை நன்குணர்ந்து நடந்த நூலகங்களும் உள. நியூ யோர்க் பொது நூலகம் 2016 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே தன்னிடமுள்ள, பதிப்புரிமைத் தடையற்ற படங்கள், வரைபடங்கள், கையெழுத்துப் படிகள் முதலியவற்றுள் 180,000 இற்கு மேற்பட்டவற்றின் மின்படிகளை எவரும் எவ்விதக் கட்டணமுமின்றி எடுத்துப் பயன்படுத்துமாறு இணையத்தில் வழங்கியது. அவற்றைப் பெற உறுப்பினர் அட்டையும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள மாணவனும் நியூ யோர்க் நகரத்து மாணவனும் அத்தொகுதியின் முன் சமமானோரே.

எமது படிப்பினை

உடைமையாக இருத்தல் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு விடை எம் வரலாற்றிலேயே உண்டு. 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. கட்டடத்தை மீளக் கட்ட முடிந்தது. உலகின் பிற நகரங்களில் விற்கப்பட்ட நூல்களை மீளச் சேர்க்கவும் முடிந்தது. ஒரேயொரு படியாக இருந்த சுவடியை மீளப் பெற எவராலும் முடியாது. ஒரு நூலின் உயிர் அதன் படிகளின் தொகையிலே தங்கியுள்ளது என்பதை இதனினும் கொடிதாக எவரும் கற்றிரார். ஏட்டிலிருந்த கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டில் அச்சேற்றியமையின் பெருமையும் இதனாலே விளங்கும். அச்சில் வந்தபின் அந்நூலை ஒரு தீ அழித்துவிட இயலாது.

தாமோதரம்பிள்ளை அச்சினாற் செய்த பணியையே இன்று இணையத்தினாற் செய்வோர் உளர். 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ உலகெங்குமுள்ள தமிழ்த் தொண்டர்களின் உழைப்பினாற் பழந்தமிழ் நூல்களை மின்படியாக்கி இலவசமாக வழங்கி வருகின்றது. 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் திரட்டி யாவர்க்கும் திறந்துவைத்துள்ளது. இவை எந்த நகரசபையின் வரிப்பணத்தாலும் எழுந்தவையல்ல. மஞ்செஸ்ரர் தொழிலாளர் நூல்வாங்கப் பணந் திரட்டியது போலவும், செல்லப்பா தம் வீட்டுக் கதவைத் திறந்தது போலவும், தொண்டர் சிலரின் கொடையால் நடப்பவை. தொண்டரின் கொடையை ஊரின் பொறுப்பாக மாற்றுவதே அடுத்த படி என்பதை 1935 ஆம் ஆண்டு நமக்குக் காட்டியுள்ளது.

எனவே எம் பொது நூலகங்கள் இருவகைப் பணியையும் ஒருங்கே மேற்கொள்ளுதல் வேண்டும். பிறநாட்டுப் பேரகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் நிதிக்கேற்பச் சந்தா செலுத்தி மாணவர்க்கு வழங்குதல் ஒன்று. தம் அலுமாரிகளிலுள்ள, வேறெங்கும் கிடையாத உள்ளூர் நூல்களை மின்படியாக்கிப் பல இடங்களில் வைத்து, இயன்றவற்றைத் தடையின்றி வழங்குதல் மற்றொன்று. முன்னதை எந்த நாட்டு நூலகமும் செய்யும். பின்னதை நாம் செய்யாவிடின் உலகில் வேறு யாரும் செய்யார். நம் நாட்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் ஒருவர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை அவர் ஆக்கத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆதலின் உரியோரின் இசைவைப் பெறுதலும் இப்பணியின் ஒரு கூறாகும்.

இஃது அரசும் நகரசபையும் மாத்திரம் செய்யவேண்டிய பணியன்று. இவ்வாண்டுமலர் போன்ற கல்லூரி மலர்களின் பழைய இதழ்களை எண்ணிப் பார்க்க. அவற்றிலே ஊர்வரலாறு உண்டு. மறைந்த ஆசிரியர்களின் ஆராய்ச்சி உண்டு. இன்று பெரியோராய் விளங்குவோரின் முதலெழுத்தும் உண்டு. அவற்றுட் பல, பழைய மாணவர் சிலரின் வீட்டுப் பெட்டிகளிலே ஒற்றைப்படியாய் எஞ்சியிருத்தல் கூடும். அப்பெட்டிகளைத் திறந்து, இதழ்களைக் கல்லூரி நூலகத்துக்கு ஒரு நாளேனும் இரவல் கொடுத்து, மின்படி எடுக்க உதவுமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம். மாணவர்கள் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படியெடுக்கும் பணியில் ஈடுபடலாம். வரலாற்றுப் பாடத்துக்கு அதனினும் சிறந்த செய்முறைப் பயிற்சி வேறில்லை.