இருப்புநிலைத் தானியக்கம்

அலுவலக அரட்டை மென்பொருளில் ஒருவர் பெயரருகே தெரியும் ‘இருக்கிறார்’, ‘வெளியே’, ‘மீட்டிங்கில்’ போன்ற ஸ்டேட்டஸை அவர் கைப்பட மாற்றாமல், கணினியின் அசைவு, நாட்காட்டி, வைஃபை ஆகியவற்றைப் பார்த்து மென்பொருளே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், மேட்டர்மோஸ்ட் ஆகிய மூன்றிலும் இதற்கு வழி உண்டு.

ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் 1971-இல் எழுதிய ‘ஃபிங்கர்’ நிரல் இதன் முன்னோடி. யார் கணினிக்குள் இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக எதையும் தட்டவில்லை என்பதை அது காட்டியது. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று எழுதிவைக்க ஒரு கோப்பும் இருந்தது. கருவி அளப்பது ஒன்று, ஆள் சொல்வது இன்னொன்று என்ற பிரிவு அன்றே தொடங்கிவிட்டது. 1996-இல் ஐசிக்யூ, அடுத்த ஆண்டு ஏஓஎல் மெசஞ்சர் ஆகிய அரட்டை மென்பொருள்கள் இருப்பைக் காட்டும் இந்த வழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோயின. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4480 என்ற இணையத் தர ஆவணம் சாப்பாடு, தூக்கம், வழிபாடு, தொலைக்காட்சி என்று இருப்புநிலைகளின் நீண்ட பட்டியலையே வகுத்தது. ‘வேலை தேடுகிறேன்’ என்பதும் அதில் உண்டு. அலுவலக அரட்டையில் அதை யார் போட்டுக்கொள்வார்களோ!

இன்றைய மென்பொருள்களிலும் அந்த இரண்டு அடுக்குகள் தொடர்கின்றன. முதலாவது, ஆள் இருப்பதைக் காட்டப் பெயரருகே தெரியும் பச்சைப் புள்ளி. விசைப்பலகையும் மவுஸும் பத்து நிமிடம் அசையாவிட்டால் ஸ்லாக் ஆளை ‘வெளியே’ என்று காட்டும். மேட்டர்மோஸ்ட்டின் இயல்பான அளவு 300 விநாடி. டீம்ஸில் கணினியைப் பூட்டினாலே புள்ளி மாறிவிடும். அச்சிட்ட அறிக்கையை மேசையிலேயே உட்கார்ந்து படிப்பவர் இந்தக் கணக்கில் காணாமல் போனவர். தலைபோகிற வேலையில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருப்பவரோ பேசத் தயாராக இருப்பவர். புள்ளி விரலின் அசைவைத்தான் அளக்கிறது, பேசும் விருப்பத்தை அல்ல.

இரண்டாவது அடுக்கு, ஸ்லாக் 2017-இல் கொண்டுவந்த சொந்த ஸ்டேட்டஸ்: நூறு எழுத்துகளுக்குள் ஒரு வரி, ஓர் எமோஜி, காலாவதியாகும் நேரம். தானியக்கம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பச்சைப் புள்ளியைப் பொறுத்தவரை, வெளி நிரல் ஒருவரை ‘வெளியே’ என்று மாற்ற ஸ்லாக் விடும். ‘இருக்கிறார்’ என்று வலிந்து காட்ட விடாது.

நாட்காட்டி வழி எளியது. டீம்ஸ் அவுட்லுக்கைப் பார்த்தும், ஸ்லாக் கூகுள் நாட்காட்டிச் செயலியின் மூலமும் ‘மீட்டிங்கில்’ என்று மாற்றிக்கொள்ளும். வாய்ச்சொல்லில் ரத்தான கூட்டமும், ஒரு மணி நேரம் இழுத்த கூட்டமும் அதற்குத் தெரியாது. வைஃபை வழியில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடும் சிறு நிரல் ஒன்று கணினி இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைப் பார்க்கும். அலுவலகப் பெயரென்றால் ‘அலுவலகத்தில்’, வீட்டுப் பெயரென்றால் ‘வீட்டிலிருந்து’ என்று எழுதும். ஜிபிஎஸ் தேவையில்லை. ஆனால் அந்த நிரலுக்குப் பயனரின் பெயரில் எழுத அனுமதிக்கும் டோக்கன் வேண்டும். அதைச் சாதாரணக் கோப்பில் போட்டுவைப்பது ஆபத்து. இயங்குதளத்தின் கடவுச்சொல் பெட்டகமே அதற்குரிய இடம். தான் எழுதிய ஸ்டேட்டஸை மட்டுமே நிரல் மாற்ற வேண்டும், ஆள் கைப்பட எழுதியதைத் தொடக்கூடாது.

ஸ்டேட்டஸைப் போடுவதைவிட எடுப்பதில்தான் தானியக்கத்தின் பயன் அதிகம். ‘சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன்’ என்பது இரவு வரை நின்றால், மறுநாள் அதை யாரும் நம்ப மாட்டார்கள். டீம்ஸை வெளி நிரல்கள் அணுகும் வழியான மைக்ரோசாஃப்ட் கிராஃபில், நிரல் தன் அமர்வுக்கென அமைக்கும் இருப்புநிலை ஐந்து நிமிடம் முதல் நான்கு மணி நேரம் வரைதான் நிற்கும். மடிக்கணினியை மூடியதும் நிரல் நின்றுபோனாலும் பழைய நிலை தானாகவே விழுந்துவிடும். ஸ்லாக்கில் காலாவதி நேரத்தைப் பூஜ்யமாக விட்டால் ஸ்டேட்டஸ் அப்படியே கிடக்கும்.

பச்சைப் புள்ளியை வருகைப் பதிவேடாக்கும் அலுவலகங்களில், தானியக்கம் ஏமாற்றும் வித்தையாகிறது. மவுஸைத் தானே அசைக்கும் கருவிகள் கடைகளிலேயே கிடைக்கின்றன. விசைப்பலகை இயக்கத்தைப் போலியாக உண்டாக்கினார்கள் என்று 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பன்னிரண்டுக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது.

ஆள் கணினியைத் தொடுகிறாரா என்பதை வலைத்தளங்களும் அறிய உதவும் வசதியை, பயனரின் அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு, 2021-இல் குரோம் உலாவியின் 94-ஆம் பதிப்பு சேர்த்தது. அது வேவு பார்க்க உதவும் என்று மொசில்லாவும் ஆப்பிளும் எதிர்த்தன; பயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் அந்த வசதி சேர்க்கப்படவில்லை.