தொடைமேல் ஒரு முத்திரை

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே திருவல்லிக்கேணி ஜாம்பஜார் கறிக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். 1768-இல் ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். அதன் பிறகு இந்தப் பகுதியில் முஸ்லிம் குடியிருப்புகள் பெருகின. பார்த்தசாரதி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே கறிவியாபாரமும் வேரூன்றியது.

கடையில் தொங்கும் ஆட்டை அங்கேயே அறுத்திருக்கக் கூடாது. 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் அறுப்பை உரிமம் பெற்ற கூடங்களுக்குள் கொண்டுவந்தது. சென்னைவாசிகளுக்கு அவை ஆட்டுத்தொட்டி. புளியந்தோப்பில் உள்ளது நூறாண்டு கடந்தது. அங்கே அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் ஆட்டைப் பார்க்க வேண்டும்: காய்ச்சலா, நொண்டுகிறதா, சினையா? அறுத்த பின் ஈரலில் தட்டைப்புழு, நுரையீரலில் நீர்க்கட்டி உண்டா என்று தேட வேண்டும். தேறினால் தொடையில் மாநகராட்சி முத்திரை விழும்.

இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. 2001ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி ஒரு மருத்துவர் மணிக்கு 12 ஆடுகளுக்கு மேல், நாளுக்கு 96-க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. கணக்குப் போட்டால் 1,000 ஆடுகளுக்குப் 11 மருத்துவர்கள். சம்பளம் யார் கொடுப்பது?

உலகம் முழுக்க இதே வழக்குதான். 1906-இல் சிகாகோ இறைச்சி ஆலைகளின் அசுத்தம் அம்பலமானபோது, மாட்டுக்கு இவ்வளவு என்று ஆலைகளிடமே கட்டணம் வாங்கலாம் என்றார் செனட்டர் பெவரிட்ஜ். ஆலை முதலாளிகள் எதிர்த்தார்கள். கடைசியில் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் அரசுக் கஜானாவிலிருந்தே ஒதுக்கப்பட்டது. பிரிட்டன் 1995-இல் உள்ளாட்சிகளிடமிருந்த பரிசோதனையை ஒரே தேசிய அமைப்பிடம் ஒப்படைத்தது. அது ஆய்வாளர் செலவிடும் நேரத்துக்குக் கட்டணம் வசூலித்ததில் சிறிய அறுப்புக்கூடங்கள் திணறின. 2000-இல் இந்தக் கட்டணத்தை ஆராய்ந்த மெக்லீன் குழு, அறுக்கும் விலங்கின் தலைக்கணக்கில் வசூலிக்கச் சொன்ன பிறகே அவற்றுக்கு மூச்சு வந்தது. செலவைப் பெரியவர், சிறியவர் என்று பாராமல் சுமத்தினால் சிறியவர் கடையைக் கட்டுவார், அல்லது சந்துக்குள் அறுப்பார்.

பரிசோதனை இல்லாததற்கும் விலை உண்டு. 2018 நவம்பரில் ஜோத்பூர் ரயிலில் எழும்பூருக்கு வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டது. நாய்க்கறி என்ற வதந்தி ஒரே நாளில் ஊரைச் சுற்றியது. பிரியாணிக் கடைகளை மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வகம் அது ஆட்டுக்கறிதான் என்று கண்டறிந்து சொல்லும்வரை நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் வாடிக்கையை இழந்தார்கள். புறப்பட்ட இடத்திலேயே ஒரு மருத்துவர் பார்த்து முத்திரையிட்டு, தாளும் சரியாக இருந்திருந்தால் இத்தனை கலக்கத்துக்கு இடமே இல்லை.

எனவே பரிசோதனையை வீண்செலவாக எண்ணி ஆளைக் குறைக்கக் கூடாது. தலைக்கணக்கில் சிறு கட்டணம், மீதி மாநகராட்சிப் பணம் என்பதே நியாயம். ஞாயிறு காலை ஜாம்பஜாரில் வரிசை நீள்வது எல்லோருக்கும் தெரியும். அதற்கேற்ப முந்தின இரவே ஆட்டுத்தொட்டியில் மருத்துவர்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும்.