நீலகிரிக் கற்குவைகளில் கிடந்த வாள்கள்

நீலகிரியின் உயர்ந்த மலைமுகடுகள் சிலவற்றில், கிணற்றின் கைப்பிடிச் சுவர்போல வட்டமாகக் கட்டிய தாழ்ந்த கற்சுவர்களைக் காணலாம். வெளிப்புறத்தில் மண்ணும் கல்லும் சரிவாகக் குவிந்திருக்கும். உள்ளே, தரைக்கடியில், பானைகளும் சாம்பலும் எலும்புத் துண்டுகளும் இரும்புக் கருவிகளும் இருந்தன. பழங்கால மக்கள் தம்மில் இறந்தவர்களுக்கு எடுத்த ஈமக் கற்குவைகள் இவை. 'இருந்தன' என்று சொல்லக் காரணம் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டிலேயே தோண்டப்பட்டுவிட்டன.

1819இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்ததையும், அதன் பின்னர் உதகமண்டலம் வெள்ளையரின் கோடை வாசஸ்தலமாக வளர்ந்ததையும் வாசகர்கள் அறிவர். ஓய்வுக்கு வந்த அதிகாரிகளுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. கற்குவை தோண்டுவது மற்றொன்று. கூலியாட்கள் நாலைந்து பேர், கடப்பாரை, ஒரு பகல் போதும். எருமை, யானை, குதிரை உருவங்களை மூடியில் தாங்கிய மண்பாண்டங்கள் கிடைத்தன. வெண்கலக் கிண்ணங்கள், மணிகள், சிறிது பொன் ஆகியவையும் கிடைத்தன. இவற்றோடு வாள், குத்துவாள், ஈட்டிமுனை, அரிவாள், கத்தரிக்கோல் என இரும்புப் பொருள்கள் ஏராளம். அழகிய பாண்டங்கள் வீட்டுக்குப் போயின. துருப்பிடித்த இரும்பும் கரித்துண்டும் பல இடங்களில் மண்ணோடு மண்ணாக ஒதுக்கப்பட்டன.

கிடைத்தவற்றை மதிப்பிட்ட முறையும் விசித்திரமானது. கேப்டன் காங்கிரீவ் என்ற படை அதிகாரி 1847இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழொன்றில் நீண்ட கட்டுரை எழுதினார். இக்கல்லறைகளும் இங்கு வாழும் தோடர்களும் மத்திய ஆசியாவின் சித்திய இனத்தைச் சேர்ந்தவர்கள் விட்ட எச்சம் என்பது அவர் முடிவு. ஆதாரம்? தோற்ற ஒற்றுமை. எங்கோ படித்த கல்லறையும் இங்கே கண்ட கல்லறையும் ஒன்றுபோல் இருந்தன, அவ்வளவுதான். 

நீலகிரியின் முதல் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இதைவிடப் பொறுப்பாக நடந்தார் எனலாம். எந்தக் குவையில் எது கிடைத்தது என்று குறித்து வைத்தார். பொருள்களைப் படம் எடுக்கச் செய்தார். 1872இல் அவர் இறந்துபோக, அவருடைய மனைவி அக்குறிப்புகளை 1873இல் நூலாக வெளியிட்டார். (ஊட்டியிலுள்ள பிரீக்ஸ் பள்ளி இவர் நினைவாக ஏற்பட்டதே.) அவர் திரட்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. புவியியல் அறிஞர் புரூஸ் ஃபூட் தயாரித்து 1901இல் வெளிவந்த பட்டியலில் இவை ஒவ்வொன்றாக விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பிரீக்ஸ் வருவதற்குள் எத்தனையோ குவைகள் காலியாகிவிட்டிருந்தன.

பழைய வாள் ஒன்றை எப்படி மதிப்பிட வேண்டும்? இக்கலையை உலகில் மிக நுட்பமாக வளர்த்தவர்கள் ஜப்பானியர். அவர்களுடைய வாள்கள் இந்தியப் போர்வீரர்களுக்கும் அறிமுகமானவையே. 1945இல் தென்கிழக்கு ஆசியாவில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளைத் தாமே ஒப்படைக்க வேண்டும் என்று மவுண்ட்பேட்டனும் தளபதி ஸ்லிம்மும் வற்புறுத்தினர். அவ்வாறு பெற்ற வாள்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்த படைவாள்கள். ஆனால் அதே ராணுவப் பிடிக்குள் சில வேளை பாட்டன் பூட்டன் காலத்து அலகும் ஒளிந்திருக்கும்! வெளித்தோற்றத்தை நம்பினால் ஏமாற வேண்டியதுதான்.

ஆகவே ஜப்பானிய நோட்டக்காரர் முதலில் பிடியிலுள்ள மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றுவார். பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் வால்பகுதிக்கு 'நக்காகோ' என்று பெயர். கொல்லனின் பெயர் அதில்தான் வெட்டப்பட்டிருக்கும். பெயரையும் அவர் உடனே நம்புவதில்லை. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பொய்யாக வெட்டுவது அங்கே பழைய வியாபாரம். வாலின் வடிவம், அரத்தின் கீறல்கள் போகும் சாய்வு, துருவின் நிறம் ஆகியவை பெயரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். நூற்றாண்டுகள் ஏற ஏற அத்துரு ஆழ்ந்த கறுப்பாகும். அலகைக் கண்ணாடிபோல் தீட்டுகிறவர்களும் வாலின் துருவைத் தொடமாட்டார்கள். தெரியாத ஒருவர் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் வாளின் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். கைக்காப்புத் தட்டான 'சுபா', பிடியில் பதித்த சிற்றுருவங்கள் ஆகியவற்றைத் தனியே மதிப்பிடுவார்கள். இவை காலத்துக்கேற்ப மாற்றப்படுபவை.

ஹொனாமி என்ற குடும்பத்தார் பல தலைமுறைகளாக இத்தொழிலையே செய்து, மடித்த தாளில் சான்றிதழ் எழுதித் தந்தனர். ஷோகன் யொஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் நாட்டின் பேர்பெற்ற வாள்களுக்குப் பட்டியல் தயாரித்தனர். தீயில் கருகிப்போன வாள்களுக்கும் அதில் இடம் உண்டு. இல்லாமற்போன வாளுக்கும் வரலாறு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

இப்போது நீலகிரி வாளுக்குத் திரும்புவோம். அதில் கொல்லன் பெயர் இல்லை. மழை மிகுந்த மலைமண்ணில் கிடந்ததால் இரும்பின் பெரும்பகுதி துருவாகவே மாறிவிட்டது. ஆயினும் அந்தத் துருவே இன்றைய விஞ்ஞானிக்குப் படிக்கக் கூடிய ஏடு. எக்ஸ்ரே படம் எடுத்தால் துருக்கட்டிக்குள் அலகின் பழைய வடிவம் நிழலாகத் தெரியும். மரப்பிடி மக்கிப்போனாலும், இரும்பை ஒட்டியிருந்த மரத்தின் இழைகளுக்குள் துரு புகுந்து அப்படியே அச்செடுத்து வைக்கும். எந்த மரம் என்றுகூடச் சில சமயம் சொல்லிவிடலாம். உலோகம் சிறிது எஞ்சியிருந்தால், நுண்ணோக்கியின் கீழ் அது தேனிரும்பா எஃகா, நீரில் தோய்த்துப் பதமேற்றினார்களா என்பது புலப்படும்.

கல்லறைக் கிண்ணங்களில் இத்தகைய ஆய்வு நல்ல பலனைத் தந்திருக்கிறது. நீலகிரி வெண்கலக் கிண்ணங்கள் சிலவற்றைப் பரிசோதித்த சாரதா ஸ்ரீனிவாசன், அவற்றில் 20 சதவீதத்துக்கும் மேல் வெள்ளீயம் கலந்திருப்பதைக் கண்டார். சாதாரணமாக இவ்வளவு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம் தட்டியவுடன் நொறுங்கும். அக்காலக் கன்னார் அதைச் செந்தழலில் காய்ச்சி, சூட்டோடு அடித்து மெல்லியதாக்கி, நீரில் தோய்த்து அக்குறையை நீக்கியிருக்கின்றனர். எஃகைத் தோய்த்தால் கடினம் ஏறி நொறுங்கும் தன்மை கூடும். இவ்வெண்கலத்தில் தோய்ச்சல் நேர்மாறாக வேலை செய்கிறது. காங்கிரீவின் கண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாத செய்தி இது.

இரும்பைப் பொறுத்தவரை கேள்விகள் அப்படியே நிற்கின்றன. இந்த வாள்களை அடித்தவர் யார்? தோடருக்கும் படுகருக்கும் அரிவாளும் கோடரியும் செய்து கொடுத்த கோத்தர்கள் மலையிலேயே உண்டு. அவர்களுடைய முன்னோர் அடித்தவையா? கொங்குச் சமவெளியிலிருந்து மலையேறியவையா? எந்த நூற்றாண்டு? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புடன் தொடர்புடைய மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022இல் அறிவித்தார்கள் அல்லவா? அகழ்வில் பத்திரமாக எடுத்த மாதிரிகளின் கரிமத்தை அளந்து கணித்த ஆண்டு அது. நீலகிரியில் வாளின் அருகே கிடந்த கரி, கடப்பாரையோடு போயிற்று. எந்தக் குவை, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன பானை என்ற குறிப்பும் பல பொருள்களுக்கு இல்லை. ஃபூட்டைப் போன்ற திறமைசாலிக்கும் பொருளை விவரிக்கத்தான் முடிந்தது.

மலையில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ, தேயிலைச் சரிவைத் திருத்தும்போதோ இத்தகைய இரும்பு இன்றும் அகப்படலாம். அதைத் தேய்க்கவோ, எண்ணெய் பூசவோ, ஒட்டிய மண்ணைக் கழுவவோ வேண்டாம். அருகிலுள்ள கரியையும் ஓட்டையும் கலைக்காமல் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லியனுப்ப வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருளை நாட்டுக்கு வெளியே விற்பதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. மண்ணுக்குள் கண்டெடுத்த புதையலைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதைவிடப் பழைய சட்டம். 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொருளின் மதிப்பு எவ்வளவுக்கு மேல் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்: 10 ரூபாய்.