மிரிஸ்ஸ

இலங்கையின் தென்கரையில், மாத்தறை மாவட்டத்தில், வெலிகம விரிகுடாவின் கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ள மீனவர் கிராமம் மிரிஸ்ஸ. சூரை மீனைத் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிவரும் படகுகளுக்கு உறைவிடமாக இருந்த இதன் துறைமுகம், இந்நூற்றாண்டில் திமிங்கிலங்களைக் காண வரும் பிரயாணிகளாலும் பிரசித்தி பெற்றுவிட்டது.

இதற்குக் காரணம் கடலடியின் அமைப்பே. தீவைச் சூழ்ந்த கண்டத்திட்டு இவ்விடத்தில் மிகக் குறுகியதாதலால், கரையைவிட்டுச் சில மைல் தூரம் சென்றதுமே கடல் அதலபாதாளமாக இறங்குகிறது. வேறு சில இடங்களில் பல நாள் கப்பற் பிரயாணம் செய்து காணவேண்டிய ஜீவராசிகளை இங்கே விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் கண்டு திரும்பிவிடலாம். படகிலிருந்து திரும்பிப் பார்ப்பவருக்குத் தீவின் தென்கோடியான தேவேந்திரமுனையின் கலங்கரை விளக்கம் தென்படும். அம்முனையிற் கோயில்கொண்டிருந்த தென்னாவரை நாயனாரை, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொணர்ந்த மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி போற்றுகிறது என்பதையும் தமிழர் இங்கு நினைவுகூரலாம்.

‘திமி’ என்னும் பெருமீனையும் விழுங்குவது என்பது திமிங்கிலம் என்ற வடசொல்லின் பொருள். ஆயினும் உலகின் மிகப் பெரிய பிராணியாகிய நீலத் திமிங்கிலத்திற்குப் பற்களே இல்லை. வாயிலுள்ள சல்லடைத் தகடுகளால் நீரை வடித்துச் சிற்றிறால்களையே அது புசிக்கிறது. பிற சமுத்திரங்களில் இவ்வினம் குளிர்ந்த நீரில் உண்டு, வெப்ப நீரில் ஈன்று, ஆண்டுதோறும் நெடுந்தூரம் சஞ்சரிப்பது வழக்கமாயிருக்க, இலங்கைக் கடலிலோ ஆண்டு முழுவதும் வெப்பநீரிலேயே தங்கி இரை தேடுவனவும் உண்டு. 2003-இல் இக்கடலில் மிதந்த செந்நிற மலத்தைக் கண்டு, இவை இங்கேயே உண்கின்றன என்று உணர்ந்து, அதன்பின் தம் ஆராய்ச்சியை இவற்றுக்கே அர்ப்பணித்தவர் இலங்கையின் கடலுயிரியலறிஞர் ஆஷா டி வோஸ். மூச்சு விடும்போது பல மீட்டர் உயரம் எழும் நீராவித் தூணையும், ஆழத்திற்கு மூழ்குமுன் வானோக்கி விரியும் வாலையும் ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார். சுழன்று துள்ளும் ஓங்கில் கூட்டங்களும், எண்ணெய்த் திமிங்கிலங்களும், கடலாமைகளும் இடையிடையே காட்சி தரும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்குப் பருவகாலம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கடல் கொந்தளிக்க, காண விழைவோர் திருகோணமலைக்குச் செல்வர். அங்கே கோணேசர் மலையில் நின்றபடியே திமிங்கிலத்தின் மூச்சைக் கண்டவர்கள் உளர்.

1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் இவற்றைக் கொன்று குவித்தன. 1979-இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் இச்சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. வேட்டை ஒழிந்தும் அபாயம் ஒழிந்தபாடில்லை. ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்துவது அதன் உணவையும் ஓய்வையும் கெடுக்கும் கொடுமை. எஞ்சினைத் தணித்து எட்ட நின்று காத்திருக்கும் படகோட்டியையே பிரயாணிகள் நாடவேண்டும். நெருங்கிப் போகும்படி அவரை வற்புறுத்தவும் கூடாது. இதனினும் பெரிது கப்பல்களின் மோதல். உலகின் நெரிசல்மிக்க கப்பற் பாதைகளுள் ஒன்று தேவேந்திரமுனைக்குத் தெற்கே, திமிங்கிலங்கள் இரைதேடும் நீரினூடே செல்கிறது. அப்பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் பெருமளவு குறையும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. 2022-இல் பெருங்கப்பல் நிறுவனமொன்று தன் கலங்களைத் தானாகவே அவ்வாறு விலக்கிக்கொண்டது போற்றத்தக்கது; ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே செல்லவேண்டும்.