மிகையாய்த் துள்ளும் கருவும் அட்டையில் இல்லாத கட்டமும்

கோலார் தங்கவயலுக்கு அருகில், பங்காருப்பேட்டை வட்டத்தில் உள்ள பூதிகோட்டை ஒரு பிறப்பினால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர். ஹைதர் அலி பிறந்தது இங்கேதான். தந்தை ஃபத்தே முகமது சீரா நவாபின் பணியில் இருந்த படைத்தலைவர். பூதிகோட்டை அவருக்கு ஜாகீராகக் கிடைத்த ஊர். மகன் பிறந்த ஆண்டை 1717 என்பார் உளர். 1720, 1721, 1722 என்பாரும் உளர். மைசூரை ஆண்டு, ஆங்கிலக் கம்பெனியோடு இரு பெரும் போர்கள் நடத்திய ஒருவரின் பிறந்த ஆண்டே இப்படித் தடுமாறுகிறது. அப்படியிருக்க, அவர் பிறப்பதற்கு முந்தைய பத்து மாதங்களைப் பற்றி ஏட்டில் என்ன எதிர்பார்க்க முடியும்? அந்தக் கணக்கு தாயின் உடலில் இருந்தது. நாள் தள்ளிப்போனதில் தொடங்கி, முதல் அசைவில் உறுதிப்பட்டு, கடைசி மாதங்களின் உதையிலும் புரளலிலும் நாளும் புதுப்பிக்கப்பட்ட கணக்கு அது.

கருவின் அசைவுக்கு ஒரு வரலாறு உண்டு. அசைவு என்றும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். அதை உணர்ந்தவளின் சொல்லை யார் நம்பினார்கள், எதற்காக நம்பினார்கள் என்பதே மாறிவந்தது. அந்த வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. அசைவு உண்டா என்று சட்டம் கேட்டது. குறைந்ததா என்று மருத்துவம் கேட்டது. நிறைமாதத்தில் பிள்ளை அளவுமீறித் துள்ளுகிறது என்று ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன பொருள் என்ற கேள்வி அண்மைக்காலம் வரை எவரையும் பெரிதாக ஈர்க்கவில்லை.

இலக்கியம் இந்த அசைவை அறியும். ஆனால் பெரும்பாலும் பிள்ளையின் பக்கம் நின்றே அறியும். மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல், கரு ஒவ்வொரு மாதமும் எந்த இடரிலிருந்து பிழைத்து வந்தது என்று மாதவாரியாக வரிசைப்படுத்துகிறது. தப்பிப் பிழைப்பது அங்கே உயிர். தாயின் வயிறு அது கடந்துவரும் களம். பிள்ளைத்தமிழோ பிறந்த பிறகே வாய்திறக்கிறது: அதன் பத்துப் பருவங்களில் முதலாவதான காப்பு, குழந்தையின் மூன்றாம் மாதத்துக்கு உரியது. கருவிலிருந்தபடியே கதை கேட்ட அபிமன்யுவை நாட்டார் வழக்கு நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. தாய் சுபத்திரை உறங்கிவிட, உள்ளிருந்து 'உம்' கொட்டியது பிள்ளை என்பார்கள். பெரிய புராணத்தின் கோச்செங்கட்சோழர் வரலாற்றிலோ நிறைமாதத் தாயே கதையின் நடுவில் வருகிறாள். ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை உலகாளும் என்று சோதிடர் கூற, தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் செய்து பிறப்பைத் தள்ளிப்போட்ட கமலவதி, மகனின் சிவந்த கண்களைக் கண்டு உயிர்விடுகிறாள். வெளிவரத் துடிக்கும் பிள்ளையையும் அதைத் தடுத்து நிறுத்தும் தாயையும் இவ்வளவு நேராக எதிர்நிறுத்திய கதை தமிழில் வேறொன்று இருப்பது அரிது. லூக்கா நற்செய்தியில் மட்டும் அசைவு தாயின் சொல்லாகவே வெளிப்படுகிறது. மரியாளின் வாழ்த்தைக் கேட்டதும் வயிற்றில் பிள்ளை துள்ளியதை எலிசபெத்து தன் வாயாலேயே சொல்கிறாள். அது மகிழ்ச்சியின் துள்ளல் என்று பொருள் சொல்பவளும் அவளே.

மருத்துவ நூல்கள் வேறு வழியில் சென்றன. சுசுருத சம்ஹிதை நான்காம் மாதத்துக் கர்ப்பிணியை இரண்டு இதயம் உடையவள் என்கிறது. அவளுடைய ஆசைகள் உள்ளிருக்கும் பிள்ளையின் ஆசைகள். நிறைவேற்றாவிட்டால் பிள்ளைக்குக் கேடு. மசக்கைக்குத் தமிழர் வீடுகளில் இன்றும் கிடைக்கும் மரியாதையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கலாம். எட்டாம் மாதத்தைப் பற்றிய கோட்பாடு இன்னும் விந்தையானது. அம்மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சாரம் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே நிலையின்றி அலைகிறது; அதனால் தாய் ஒருபோது மகிழ்ந்தும் ஒருபோது சோர்ந்தும் இருக்கிறாள்; அப்போது பிறக்கும் பிள்ளை தங்காது. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் மரபிலும் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே உண்டு, அதுவும் ஏறத்தாழ இதே முடிவோடு. ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று பாட்டிமார் சொல்வது இப்படி இரு பழைய நாகரிகங்களின் ஏட்டிலும் இருந்தது. கருவில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதே உண்மை. ஆயினும் கடைசி மாதங்களின் கொந்தளிப்பைத் தாயின் மனநிலையோடு சேர்த்துப் பார்த்த அந்தக் கண் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

தாயின் உணர்வுக்கு வெளிப்படையான அதிகாரம் தந்தது ஆங்கிலச் சட்டம். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கும்போதே சட்டத்தின் பார்வையில் உயிர் தொடங்குகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் எழுதினார். மரண தண்டனை பெற்ற பெண் தான் கருவுற்றிருப்பதாக முறையிட்டால், கருவில் அசைவு உண்டா என்று ஆராய மூத்த பெண்களின் நடுவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1803இல் எல்லன்பரோ பிரபு கொண்டுவந்த சட்டம், அசைவு உணரப்பட்ட பின் கருவைக் கலைப்பதை மரண தண்டனைக் குற்றமாக்கியது. அதற்கு முன் கலைத்தால் தண்டனை குறைவு. 1837இல் இங்கிலாந்து இந்த வேறுபாட்டையே கைவிட்டது. ஆனால் 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. 312ஆம் பிரிவின்படி கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரை சிறை; கருவில் அசைவு தோன்றியிருந்தால் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் பிரிவின் விளக்கம் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. தாயின் உணர்வைச் சான்றாக ஏற்ற சட்டம், அந்தச் சான்றை அவளுக்கே எதிராகவும் பயன்படுத்த வழிவைத்தது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வாரக் கணக்குக்கு மாறிய பிறகும் பழைய சொல் மறையவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவில் அது அப்படியே வாழ்கிறது.

மருத்துவர்கள் இந்தச் சான்றை எப்போதும் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 1554 நவம்பரில் இங்கிலாந்தின் அரசி முதலாம் மேரி தன் வயிற்றில் பிள்ளை அசைந்ததாக அறிவித்தார். தேவாலயங்களில் நன்றி வழிபாடு நடந்தது. அடுத்த கோடைவரை நாடே காத்திருந்தது, பிள்ளை இல்லை. பெண்ணின் சொல் தேவைப்படாத ஒரு சான்று கிடைத்தபோது மருத்துவம் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1821இல் பாரிசில் கெர்கரதெக் என்ற மருத்துவர், அப்போது புதிதாயிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தார். அவர் தேடியது இதயத்துடிப்பை அன்று. பிள்ளை அசையும்போது பனிக்குடநீர் கலங்கும் ஓசை கேட்குமா என்று பார்த்தார். கேட்டது கடிகாரம்போல் விரைந்து அடிக்கும் இரட்டைத் துடிப்பு. அசைவைத் தேடிப் போனவர் இதயத்தைக் கண்டுகொண்டார். அன்றுமுதல் அசைவு இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. தமிழுலகிலும் இந்தப் புதிய மருத்துவம் விரைவாகவே வந்து சேர்ந்தது. சென்னையில் 1844இல் பிரசவ மருத்துவமனை தோன்றியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, 1857இல் மோன்செலின் பிரசவ மருத்துவ நூலைத் தமிழில் வெளியிட்டார். கருவைப் பற்றிய அறிவு பாட்டியின் வாயிலிருந்து அச்சுப் புத்தகத்துக்கு இடம்பெயர்ந்த வேளை அது.

பூதிகோட்டைக்கு அண்மையில் வேறொரு வகை அசைவுக்கு நெடுங்காலமாகவே மதிப்பு இருந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்ற பிறகு விரிந்த தங்கவயலில், வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், லயன் வீடுகளில் வாழ்ந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும்போது மேலே வீடுகளும் அதிர்ந்தன. அவ்வதிர்வுகளைப் பதிவுசெய்ய 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கு நிலநடுக்கக் கருவி வைக்கப்பட்டது. மண்ணின் அசைவுக்குக் கருவி கிடைத்தது. அதே மண்ணின்மேல் படுத்திருந்த கர்ப்பிணியின் வயிற்று அசைவுக்கு அவள் வாய்ச்சொல் மட்டுமே சான்று.

இவ்விரு அசைவுகளுக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 1930களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஃபெல்ஸ் நிறுவனத்தில் லெஸ்டர் சொன்டாக் செய்த ஆய்வுகள், வெளியே எழும் ஓசைக்குக் கரு திடீர் அசைவால் பதில் தருகிறது என்று காட்டின. ஆய்வில் இருந்த தாய்மார் சிலர் அச்சத்துக்கோ துயரத்துக்கோ ஆளான நாட்களில் கருவின் அசைவு வழக்கத்தைவிட மிகுந்திருந்ததையும் அவர் பதிவுசெய்தார். விபத்துக்குப் பின் சுரங்க வாயிலில் காத்திருந்த பெண்களுள் கர்ப்பிணிகளும் இருந்திருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஆய்வை வாசிக்கலாம். அம்மிகை அசைவு பிள்ளைக்குத் தீங்கு என்று சொன்டாக்கின் ஆய்வை வைத்து முடிவுகட்ட இயலாது. அது ஒரு சிலரைக் கண்டு எழுதியதே.

தாயின் சொல்லை மருத்துவம் திரும்பக் கேட்டுப் பெற்றது 1970களில். 1973இல் ஜெருசலேமில் சடோவ்ஸ்கியும் யாஃபேயும், தாய் நாள்தோறும் எண்ணும் அசைவு கருவின் நலத்தை முன்கூட்டிச் சொல்லும் என்று எழுதினர். 1976இல் கார்டிஃபில் பியர்சனும் வீவரும் எளிய முறை ஒன்றை முன்வைத்தனர்: காலையில் எண்ணத் தொடங்கிப் பத்தாவது அசைவு எப்போது என்று குறிக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து ஆகவில்லையென்றால் மருத்துவமனைக்கு வர வேண்டும். உணர்ந்து சொல்பவள் இப்போது எண்ணிக் குறிப்பவளானாள். எண்ணிக்கை எதிர்பார்த்ததைச் செய்யவில்லை. 1989இல் கிரான்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 68,000 பெண்களை வைத்துச் செய்த சோதனையில், எண்ணச் சொன்னதால் கருவிலேயே நிகழும் இறப்பு குறையவில்லை. 2018இல் வெளியான அஃபர்ம் ஆய்வு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை உள்ளடக்கியது. விழிப்புணர்வு தந்தும், அசைவு குறைந்ததாகச் சொன்னவர்களை உடனே பரிசோதித்தும் இறந்து பிறத்தல் 1,000க்கு 4.40இலிருந்து 4.06க்கு மட்டுமே வந்தது. புள்ளியியல் நோக்கில் அதை மாற்றம் என்று கொள்ள முடியாது. செயற்கை வலியூட்டலும் சிசேரியனும் கூடின.

இவை எல்லாம் குறைவைப் பற்றியவை. மிகையைத் தனியாகக் கேட்ட ஆய்வுகள் கடந்த பத்தாண்டுகளில்தான் வந்தன. ஹீசலும் பிறரும் 2017, 2018இல் வெளியிட்ட இரு ஆய்வுகள், பிள்ளையை இழந்த தாய்மாரையும் நலமாய்ப் பெற்றோரையும் ஒப்பிட்டன. இரண்டு முடிவுகள் சேர்ந்தே கிடைத்தன. கடைசி வாரங்களில் அசைவின் வலிமை படிப்படியாகக் கூடிவருவது நல்ல அறிகுறி. அத்தகைய தாய்மாரிடம் இழப்பு குறைவு. ஆனால் ஒரே ஒருமுறை, திடீரென்று, வழக்கத்துக்கு முற்றிலும் மாறான மூர்க்கத்தோடு பிள்ளை துள்ளியதாகச் சொன்னவர்களிடையே இழப்பு அதிகம். பிள்ளை இழந்த பின் நினைவைக் கேட்டுத் தொகுத்த தரவு இது. துயரம் நினைவைத் திருத்தி எழுதும் என்பதை மறக்கலாகாது. அதோடு, சுறுசுறுப்பாக உதைக்கும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமானவர்களே. மாலையில் கூடுதலாகப் புரள்வதும், இருபது முதல் நாற்பது நிமிடம் உறங்கி மீண்டும் உதைப்பதும் இயல்பு. துள்ளினால் ஆண் என்ற ஊர்ப்பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட ஒரு மாநிலத்தில் அது வெறும் வேடிக்கைப் பேச்சாகவும் இருந்ததில்லை. நிறைமாதம் நெருங்க அசைவு தானே அடங்கிவிடும் என்பதும் தவறு. ஏறத்தாழ 32 வாரத்துக்குப் பின் அசைவு ஒரு நிலைக்கு வந்து நிற்கும், பேறுவரை குறையாது.

இன்று பூதிகோட்டையிலிருந்து பரிசோதனைக்குச் செல்லும் கர்ப்பிணியின் கையில் ஓர் அட்டை இருக்கும். கர்நாடகத்தில் அதைத் தாயி கார்டு என்பார்கள். இந்திய அரசின் தாய்–சேய் பாதுகாப்பு அட்டையில், ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரத்த அழுத்தம், எடை, கர்ப்பப்பையின் உயரம், கருவின் இதயத்துடிப்பு ஆகியவற்றோடு கருவின் அசைவுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் தேர்ந்தெடுக்க மூன்று சொற்கள்: இயல்பு, குறைவு, இல்லை. முந்தைய இரவு பிள்ளை ஒருபோதும் இல்லாதபடி வெறிகொண்டு துள்ளிப் பின் அடங்கிவிட்டது என்று அவள் சொன்னால், எதிரே அமர்ந்திருக்கும் செவிலியர் அம்மூன்றில் ஒன்றைத்தான் குறித்தாக வேண்டும்.