அழுக்கென்று ஒதுக்கியதில் இருந்தது

மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1929 வரை அதை வெளியிடவில்லை. பதிவில் தெரிந்த அசைவு மூளையுடையதா, இதயத் துடிப்பா, தலைத்தோலில் ஓடும் ரத்தமா, தசை இழுப்பா? சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்ட பிறகே எழுதினார். மூளைப் பதிவைத் துப்புரவு செய்யும் கலை அந்தத் தயக்கத்தில்தான் பிறந்தது.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான வேலை அல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தில் கல்வெட்டைப் படியெடுப்பவர் முதலில் கல்லைக் கழுவித் தேய்க்க வேண்டும். பாசி போக வேண்டும், எழுத்து போய்விடக் கூடாது.

மூளையைப் படமெடுப்பதிலும் இதே சிக்கல்தான். ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை வைத்து மூளையின் வேலையை எம்.ஆர்.ஐ.யில் காணலாம் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். அந்த மாற்றம் சில சதவீதம்தான்; மூச்சும் நாடியும் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தால், ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை துடிக்கும் இதயம் பதிவில் மெதுவான அலையாக வேடமிட்டு வரும்.

அமெரிக்காவின் மில்வாக்கியில் ஆய்வு மாணவராக இருந்த இந்திய வம்சாவளியினரான பரத் பிஸ்வால் இந்த இரைச்சலோடுதான் மல்லுக்கட்டினார். சும்மா படுத்திருப்பவரின் மூளையைக் கால் நொடிக்கு ஒரு படமாக எடுத்து, மூச்சையும் நாடியையும் வடிகட்டினார். அப்படியும் ஒரு மெல்லிய ஏற்ற இறக்கம் மிஞ்சியது. கையை அசைக்கும் இடப்பக்கப் பகுதியும் வலப்பக்கப் பகுதியும், கை அசையாதபோதும், சேர்ந்தே ஏறி இறங்கின! 1995-இல் கட்டுரை வந்தபோது பலர் நம்பவில்லை. இன்று ஓய்வுநிலை மூளை ஆய்வு என்ற துறையே அதன்மேல் நிற்கிறது. 2010-இல் 35 மையங்களிலிருந்து 1,414 பேரின் பதிவுகளைத் திரட்டிப் பொதுவில் வைத்த கட்டுரைக்கும் அவரே முதல் ஆசிரியர்.

2012-இல் அந்தத் துறைக்கு ஓர் அடி விழுந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தலையசைவே, கிட்ட உள்ள பகுதிகளின் இணைப்பை, அதாவது அவை சேர்ந்து ஏறி இறங்குவதை, கூட்டியும் எட்ட உள்ளவற்றின் இணைப்பைக் குறைத்தும் காட்டிவிடும் என்று செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பவர் குழு நிறுவியது. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். வயது ஏற ஏற நெடுந்தூர இணைப்பு வலுப்படுகிறது என்று அதே ஆய்வகத்தார் முன்பு எழுதியதில் ஒரு பங்கு வெறும் அசைவின் வேலை. தங்கள் முடிவைத் தாங்களே பிரித்துக் காட்டிய அந்த நேர்மைதான் இந்த வரலாற்றின் மிக உயர்ந்த கட்டம்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. மூளைப் பதிவிலிருந்து இரைச்சலைப் பிரிக்கும் கணக்குமுறைகளை 1999-இல் பிஜன் பெசரனுடன் சேர்ந்து எழுதிய பார்த்தா மித்ரா, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் வருகைதரு பேராசிரியரானார். அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருச்சிசு மூளைகளின் 5,132 சீவல்களின் படங்களை 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டது. சீவல் படங்களில் அழுக்கு வேறு விதம்: மடிப்பு, கிழிசல், காற்றுக்குமிழி.

மூளைப் படத்தைக் காட்டி யார் எதைச் சொன்னாலும், எதை நீக்கினீர்கள், நீக்காத மூலப்பதிவு எங்கே என்று கேளுங்கள்.